கலண்டர் அட்டை

அப்பாவின் பழைய மொறிஸ் மைனர் காரின் எஞ்சினைக் கழற்றித் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கசியாமல் இடையில் வைக்கும் காஸ்கெற் ஒன்றைக் கொழும்பிலிருந்து புதிதாக எடுப்பித்திருந்தேன்; பம்பில் வைத்தால் ஒரு துளை பொருந்தவில்லை. புரட்டி வைத்தும் பொருந்தவில்லை. எரிச்சலோடு, பம்பில் ஒட்டியிருந்த பழையதை மண்ணெண்ணெய் தடவிச் சுரண்டினேன். வெறும் அட்டை.

மண்ணெண்ணெய் மணத்தோடு முரசுமோட்டை வீடு நினைவுக்கு வந்தது. போரில் ஷெல் கிட்டக்கிட்ட விழுந்த காலை. கார் ஓடினால்தான் தப்பலாம். பம்பின் காஸ்கெற் கிழிந்திருந்தது; வேறு எங்கும் இல்லை. அம்மா சுவர்க் கலண்டரைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினார்.

"அட்டையை எடுங்கோ. இனி நாள் பாத்து என்ன?"

அப்பா அதைப் பம்பின்மேல் வைத்து, விளிம்பெல்லாம் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டினார். நான் காருக்கும் படலைக்குமாய் ஓடிக்கொண்டிருந்தேன்.

இன்று நானும் அப்படியே தட்டி வெட்டினேன். துளைகள் சரியாகப் பொருந்தின.

குசினியிலிருந்து வந்த மனைவி வெறுஞ்சுவரைக் கண்டு நின்றுவிட்டாள்.

"கலண்டரை ஏனப்பா கழட்டினீங்கள்? திரும்பவும் வீட்டை விட்டு வெளிக்கிட வேணுமோ?"