உட்கார்ந்து பார்த்த கோட்டு

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், சுற்றிலும் கண்ணாடி மாட்டிய ஒரு தையற்கடையில், பாதி தைத்த சூட்டோடு நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு. மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்த தையற்காரர் கிரகாம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பேன்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவர் தம்ளரை நீட்டியபடியே நின்றார். எழுந்து, மேலே இல்லாத ஒரு கம்பியைப் பிடிப்பதுபோல் வலது கையைத் தூக்கினேன். உடனே நாற்காலியும் வந்தது.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் புதுத்துணியைக் கண்ணாடியை நம்பி யாரும் வாங்குவதில்லை. உட்கார வேண்டும், கிழியக் கூடாது. கையைத் தூக்க வேண்டும், கக்கத்தில் பிடிக்கக் கூடாது. கீரனூரிலிருந்து திருச்சிக்கு நின்றுகொண்டே கல்லூரி போனவனுக்குச் சட்டை என்பது பஸ் கம்பி எட்டுகிற ஆடை. அது போக, 'வளர்ற பையன்' என்று சொல்லித்தான் எனக்கு எல்லாமே தைத்தார்கள். வளர்வது நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. மகள் ஜெனி பட்டம் வாங்கிய படத்தில் பக்கத்தில் நிற்கும் என் கோட்டுக்குள் இன்னொருவருக்கும் தாராளமாக இடமிருக்கிறது.

சூட் தைக்கக் காரணமே அந்தப் படம்தான். ஜெனி லீட்ஸில் பிறந்தாலும் அவள் அம்மாவின் தமிழைத்தான் பேசுவாள். ஆவூர் மாதா கோயிலில் கல்யாணம் என்று முடிவானதும் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: "பீடம் வரைக்கும் நீங்கதான் என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். இந்த ஒரு தடவயாச்சும் ஒங்க அளவுக்குப் போடுங்கப்பா. இரவல் வாங்குன ஆளு மாதிரி நிக்காதீங்க."

அப்படியும் கிரகாமிடம் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக விடச் சொன்னேன். "இன்னும் வளரப் போகிறீர்களா?" என்று கேட்டார். கல்யாண விருந்துகளை நினைத்து ஆமாம் என்றேன். கூடுதல் துணியை உள்தையலில் மடித்து வைக்கிறேன், வெளியே விடமாட்டேன் என்றார். தோள்தையல் எலும்போடு முடிய வேண்டுமாம். கோட்டுக் காலர் சட்டைக் காலரை விட்டு விலகக் கூடாதாம். கோட்டுக் கையிலிருந்து சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டுமாம். சட்டை புதுக்கோட்டையில் தைத்தது. கை கட்டைவிரல் வரை வந்தது. அதையும் வெட்டிக் குறைத்தார்.

ஆவூர் வெயிலில், கோயில் வாசலில், ஜெனி என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். "இது ஒங்களுதுதான்ப்பா" என்று கையைக் கோத்துக்கொண்டாள். நடந்தோம். லீட்ஸ் கோட்டிலிருந்து அரை அங்குலம் புதுக்கோட்டை எட்டிப்பார்த்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று எனக்கு அன்றுதான் பட்டது.

பந்தியில் மனைவியின் தம்பி அருள் என் கோட்டை முன்னும் பின்னும் நோட்டம் விட்டான். இடுப்புப் பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தான். கைக்குச் சிக்கத் துணி இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அங்கிட்டும் தையக்காரன் துணிய அமுக்கிருவானா மச்சான்?"