அப்பா முதலில் தனியாகப் பார்த்த படம்

அன்று சாயங்காலம் அப்பா வீடு திரும்பியபோது அவர் சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கவில்லை. தறிக்கூடத்துக்குப் போகாமல் கோயமுத்தூர் போய் நான் பார்க்கக் கேட்டுக்கொண்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில், சோமனூரில், எனக்கு எட்டு வயது. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷமும் அப்பா அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

படம் ஒரு மந்திரக் கதை. ஏரிக்கடியில் ஓர் அரண்மனை, அதில் ஒரு சூனியக்காரி. வகுப்பில் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, பாதிப் படத்தை நான் தூக்கத்திலேயே பார்த்து முடித்திருந்தேன். எங்களோடு இருந்த அத்தைதான் தடுத்தாள். “ஏனுங்ணா, செத்துப்போன அம்மா தண்ணிக்குள்ள இருந்து புள்ளையக் கூப்புடுதாமா. இவளுக்கு அதையெல்லாம் காட்டோணுங்களா?” அப்பா மறுநாள் தனியாகப் போய்விட்டு வந்தார்.

வந்ததும் என்னைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னார். எங்கே இருட்டாகும், எங்கே திடீரென்று சத்தம் வரும் என்பது வரைக்கும் சொன்னார். “அந்தம்மா வேசத்துல வர்றது சூனியக்காரி, கண்ணு. புள்ள தண்ணிக்குள்ள போச்சுன்னா திரும்பி வர முடியாது. இதெல்லாம் தெரிஞ்சும் பாக்கோணும்னா போலாம். வேண்டாம்னாலும் சரி.”

“போலாமுங்கப்பா” என்றேன்.

கோயமுத்தூரில் மேட்னி ஆட்டம். ஏரிக் காட்சி வந்ததும் பச்சை வெளிச்சம் எல்லார் முகத்திலும் அலையடித்தது. கொட்டகையே தண்ணீருக்குள் மெல்ல அமிழ்வதுபோல் இருந்தது. கூந்தல் மிதக்க அந்தப் பெண் கையை நீட்டினாள். அவள் என் அம்மா மாதிரி இல்லவே இல்லை. ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் என் கையைப் பிடித்தபடி சட்டென்று எழுந்துவிட்டார்.

“வா கண்ணு, போயரலாம்.”

“இருங்கப்பா. அந்தப் புள்ள இன்னும் கரைக்கு வரலீங்க.”

உட்கார்ந்தார். திரையில் அந்தச் சிறுமி காதைப் பொத்திக்கொண்டு கரையேறும்வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “நம்ம அம்மாவும் அப்படிக் கூப்புடுமாங்கப்பா?”

சூலூரில் கூட்டம் ஏறியதும் என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு, “கூப்புடாது கண்ணு. கூப்புட்டா நீ போயிருவேன்னு அதுக்குத் தெரியும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, “உங்கம்மா பேய்ப் படம்னா கையத் தட்டிச் சிரிக்கும், தெரியுமா?” என்றார். அதன்பின் அவரால் நிறுத்த முடியவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டோம். மஞ்சள் வெயிலில் நடந்தே திரும்பினோம். அப்பா பேசிக்கொண்டே வந்தார்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. போன வாரம் அவளும் இப்படி ஒரு பயமுறுத்தும் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது நான் முதலில் பார்த்தேன். அவள் வந்ததும் எங்கெங்கே பயமாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க எந்த எடத்துலம்மா பயந்தீங்க?” என்றாள்.

அப்பாவிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.