வராதவரை நான் விழுத்தவில்லை

வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ கடந்தால் போதும், அந்தப் பச்சைக் கறை வாடையில் அவர் நினைவுக்கு வந்துவிடுவார். ஸ்ரீவைகுண்டத்தில் தார் சுமக்கிறவர். குடியை விட்டவர்கள் மறுபடி முதல் மடக்குக் குடிக்க எவ்வளவு காலமாகிறது என்பது என் ஆராய்ச்சி. நாற்பது வயதைத் தாண்டி, வீட்டில் சண்டை போட்டு நான் தொடங்கியது. மாதாமாதம் வந்து சொல்லிப்போக ஒப்புக்கொண்டவர்களில் அவர் ஒருவர்.

"இன்னும் தொடல டாக்டரம்மா. எம் பொண்டாட்டிக்குத்தான் நம்பிக்கையில்ல, தெனமும் வாயை மோந்து பாக்கா."

ஐந்து மாதம் வந்தார். பிறகு வரவில்லை. போன் எடுக்கவில்லை. தேடிப் போனேன்; வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்களாம்.

சர்வைவல் அனாலிசிஸ், சாவு வர எவ்வளவு காலமாகும் என்று அளக்கப் பிறந்த கணக்கு. சாவு இருந்த இடத்தில் நான் அந்த முதல் மடக்கை வைத்தேன். வரைபடத்தில் கோடு படித்துறை போல இறங்கும்; ஒருவர் குடித்தால் ஒரு படி. பாதியில் காணாமல் போனவருக்குப் படி இறங்காது, கோட்டின் மேல் சின்னக் கீறல் மட்டும்: இதுவரை குடிக்காமல் நின்றார், இதற்கு மேல் தெரியாது. தெரியாது என்பதற்கு இவ்வளவு மரியாதை கொடுத்த கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் வழிகாட்டி பேராசிரியர் கோட்டைப் பார்த்தார். அவர் கையெழுத்தில்லாமல் ஆய்வேடு உள்ளே போகாது.

"இதென்னம்மா இத்தனை கீறல்? வராதவன்லாம் குடிச்சவந்தான். படியை இறக்கு."

"நான் பாக்கலையே சார்."

"பாக்கணுமாக்கும்! ஊருக்கே தெரியும். இல்லைன்னா அந்த ஆளுங்களையே தூக்கிரு."

"ஒருத்தர் அஞ்சு மாசம் குடிக்காம நின்னிருக்காரு சார். அதை எங்க கொண்டு போய்ப் போட?"

"ஆராய்ச்சியிலயும் கவிதை எழுதுத புத்தி போகுதா பாரு."

கவிதையாம்! போனவர்கள் குடிக்கவே போயிருந்தால் என் கோடு ஏமாறும். அதை ஆய்வேட்டில் நானே எழுதியிருந்தேன். எல்லோரும் குடித்திருந்தால் எப்படியிருக்கும் என்று தனிக் கோடும் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். தார் சுமந்தவர் குடித்தே இருக்கலாம். ஆனால் என் கண் காணாத ஒரு மடக்கை அவர் வாயில் நான் ஊற்ற மாட்டேன்.

"மாத்தாம வந்தா கையெழுத்துக் கிடையாது," என்றார் பேராசிரியர்.

தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"அப்ப வேற வழிகாட்டியைப் பாத்துக்கோ."

"பாத்துக்கிடுதேன் சார்."