சர்க்கரை மணலான வருடம்

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பச்சை நிறம்தான். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி தாண்டி ஒரு மூலிகை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். காய்ந்த இலைகளை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சுழலவிடுவோம். வெந்நீரில் பாதி முங்கியபடி குடுவை மெல்லச் சுற்றும். ஆல்கஹால் ஆவியாகிப் போகப் போக, கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு பச்சைப் படலம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஜன்னலுக்கு வெளியே தைல மரங்கள், ஓயாத தூறல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொழுது போவதே தெரியாது. கனவு காணச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எங்களுக்கு வந்த இலைகளில் அதிகம் சிறுகுறிஞ்சான். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. மூட்டை வந்து இறங்கியதும் இயந்திரங்களிடம் போவதற்கு முன்னால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஓர் இலையை எடுத்து மென்றுவிட்டு, நாக்கில் கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பார்க்க வேண்டும். இலை நல்லது என்றால் சர்க்கரை மணலாகிவிடும். நறநறவென்று இருக்குமே தவிர துளிகூட இனிக்காது. இனித்தால் மூட்டை போலி, வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். இந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதற்கப்புறம் வரும் காபி எவ்வளவு சர்க்கரை போட்டாலும் கசக்கும்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். ஆஸ்டின் டவுனில் சர்ச்சுக்குப் பின்தெரு. அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை உண்டு. அந்த மழைக்காலத்தில் செருப்பு கடித்து வலது கால் சுண்டுவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. டாக்டர் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஊசி என்றால் அப்பாவுக்கு ஆகவே ஆகாது.

"அப்படின்னா மாத்திரைய ஒழுங்கா போடுங்க, ஸ்வீட்டை அடியோட விடுங்க. இல்லேன்னா விரல எடுக்க வேண்டி வரும்," என்றார் டாக்டர். சொன்னது அப்பாவிடம், பார்த்தது என்னை.

அப்பா இனிப்புப் பைத்தியம். ஆனால் சிக்கல் அவர் நாக்கில் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் தீபாவளிக்கு எங்களுக்குத் தட்டு வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து கல்கல் பலகாரமும் கேக்கும் போகும். நடுவில் வளைகாப்பு, பிறந்தநாள், வரமகாலட்சுமி பூஜை எதுவானாலும் தட்டுதான். எல்லாம் அம்மா பிடித்து வைத்த உறவுகள். கொண்டு வந்தவர் எதிரிலேயே ஒரு வாய் தின்று, நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று ஒரு தட்டைத் திருப்பினால் அம்மாவை இன்னொரு முறை புதைப்பதாகிவிடும் என்று அப்பா நினைத்தார். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"ஆசைய விடறதுக்கு உங்க லேப்ல எதாவது இருக்கா பாப்பா?" என்று ஒருநாள் கேட்டார். நான் அந்த இலையைப் பற்றிச் சொன்னேன். அடுத்த ஞாயிறே லால்பாக் பக்கத்து நர்சரியில் ஒரு சிறுகுறிஞ்சான் கொடியைத் தொட்டியோடு வாங்கிவந்து பின்கட்டு ஜன்னலில் ஏற்றிவிட்டார். காலையில் அதன் இலைகளுக்கு ஊடாகச் சமையலறைக்குள் விழும் வெளிச்சம்கூடப் பச்சையாக இருந்தது. ஆய்வுக்கூடமும் வீடும் எனக்கு ஒன்றோடொன்று கலந்துபோயின.

தீபாவளி போனது. புண் பெரிதானது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியே இருந்தது.

"ஒரு நாள்கூட எனக்கு இனிப்பு ருசிச்சதில்ல. பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்," என்றார் அப்பா. அவர் பொய் சொல்லமாட்டார். நான் குழம்பிப்போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லீவில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் மகன் பிறந்தநாளுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தாள். "ஒரு நிமிஷம் இரும்மா," என்று அப்பா நொண்டியபடி பின்பக்கம் போனார். ஜன்னல் கொடியில் இரண்டு இலை கிள்ளி, நின்று நிதானமாக மென்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் துண்டு துண்டாகத் தின்றார். "சூப்பர்மா," என்றார்.

அவள் போனதும் அப்பா எதிரில் போய் நின்றேன்.

"என்ன பண்றீங்கப்பா?"

"ஏன்? இனிக்கவே இல்லையே. மண்ணு மாதிரி இருந்துச்சு."

"மண்ணு மாதிரி இருந்தாலும் அது சக்கரைதானே!"

"தவக்காலத்துல எதை விடறோம் பாப்பா? ருசியத்தான விடறோம்? நான் ருசிய விட்டுட்டேன். அப்புறம் எதுக்கு ஏறுது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு கோபம் மட்டும் மிச்சமிருந்தது. இந்த மனிதர் மாதக்கணக்கில் ஒரு சுகமும் இல்லாமல் இனிப்புத் தின்றிருக்கிறார், எந்தத் தட்டையும் திருப்பாமல்.

சனிக்கிழமை ஆட்டோ வைத்து அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். யாரும் இல்லை. இலை மெல்லக் கொடுத்தேன். குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்தேன்.

"வெறும் தண்ணி," என்றார்.

அதே டம்ளரில் மிச்சமிருந்ததில் சில சொட்டு எடுத்து, நீல நிறத்து பெனடிக்ட் திரவத்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினேன். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல் நிறத்தில் கலங்கி நின்றது.

"சக்கரை இருந்தா இந்த நிறம் வரும்ப்பா. இதுக்கு நாக்கு கிடையாது."

அப்பா அந்தக் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே மரங்களில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"இந்த இலை ரத்தத்துல ஒண்ணும் செய்யாதா?"

"கொஞ்சம் செய்யுது. எலிகளுக்குக் குறைஞ்சிருக்கு. ஆனா மருந்த விட்டுட்டு இதை நம்புற அளவுக்கு இல்ல."

"சரி," என்றார். "டாக்டர்கிட்ட போலாம்."

ஊசி அன்றைக்கே தொடங்கியது. ஆனாலும் பொங்கலுக்குள் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் பிழைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் நன்றாக அழுதேன். அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொடியை மட்டும் தொட்டியோடு தூக்கி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அடுத்த தீபாவளிக்கு அதே பக்கத்து வீட்டுப் பெண் தட்டோடு வந்தாள். அப்பா பழக்கத்தில் எழுந்து, ஜன்னலைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். மைசூர்பாகின் ஓரத்தில் நகத்தளவு உடைத்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மெல்லாமல் அதை முழுதாகக் கரையவிட்டார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இவ்ளோதானா அங்கிள்? நல்லா இல்லையா?" என்றாள் அவள்.

"போன வருஷமெல்லாம் நீ கொடுத்தத தின்னேன்மா," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "இன்னைக்குத்தான் சாப்பிட்டேன்."