பூஜை போட்ட கிளட்ச்

போன ஞாயிறு காலை, சைகோனின் தாவோ தியென் பகுதியில், எங்கள் சந்தில் ஒரு கார் தவளை மாதிரி குதித்தது. குதிக்க வைத்தவர் எதிர்வீட்டு வசந்தி. தெரியாமல் அல்ல, வேண்டுமென்றேதான்!

வசந்தியின் அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரித் தொழில். வாசல் நிறைய லாரிகள். ஆனால் மகள் ஒரு சாவியைக்கூடத் தொட அவர் விட்டதில்லை. 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?' என்பதே அவர் வாதம், விவாதம், தீர்ப்பு எல்லாம். கல்யாணமாகி சைகோன் வந்த வசந்தி, வியட்நாமிய மொழியில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். பழைய கியர் கார் ஒன்றும் வந்து சேர்ந்தது.

அந்த அப்பா அன்று மத்தியானம் டான் சோன் நாட் விமான நிலையத்தில் இறங்குகிறார். தானே ஓட்டிப்போய் அவரை அழைத்துவர வேண்டும் என்பது வசந்தியின் ஆசை... ஆசை என்ன, வைராக்கியம்.

காரிலோ கியர் விழ மறுத்தது. 'கர்ர்ர்' என்று பல்லைக் கடித்தது.

"வண்டி புக் பண்ணிடறேன் வசந்தி. அஞ்சு நிமிஷத்துல வந்துரும்" என்றார் கணவர் செந்தில். மனைவி பார்த்த பார்வையில் போன் பைக்குள் போய்விட்டது.

"கியர்பாக்ஸ் போயிருக்கும்மா" என்றேன் நான். காரில் எனக்குத் தெரிந்தது ஹாரன் மட்டுமே. ஆனால் ஆலோசனை சொல்ல லைசென்ஸா கேட்கிறார்கள்?

"இல்லீங்ணா. எஞ்சின ஆஃப் பண்ணுனா எல்லாக் கியரும் நல்லா விழுகுது. ஓடறப்பத்தான் விழமாட்டீங்குது" என்ற வசந்தி, பானெட்டைத் திறந்து கிளட்ச் ஆயிலைப் பார்த்தார். குறையவில்லை. பெடலிலும் பழைய விறைப்பு அப்படியே இருந்தது. பிறகு முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். அப்போதுதான் அந்தத் தவளைப் பாய்ச்சல். கிளட்ச்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிட வேண்டும். அறவில்லை.

"கிளட்ச் பிளேட் ஒட்டிக்கிச்சுங்ணா."

சும்மா நின்ற வண்டியில் பிளேட் எப்படி ஒட்டும்? சும்மா நின்றதால்தான்! ஆயுத பூஜைக்கு, அப்பா போனில் சொன்ன முறைப்படி, அடிவயிறு வரை ஹோஸ் பைப்பால் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருக்கிறார்கள். பூஜையில் வைத்த வண்டியை அன்று எடுக்கக் கூடாதே? எடுக்கவில்லை. மறுநாள் விடியலில் ஊருக்கு விமானம். ஈரத்தோடு உறை போட்டு மூடிவிட்டு, தீபாவளியெல்லாம் முடித்துத் திரும்பினால்... சைகோன் புழுக்கத்தில் உள்ளே துரு ஏறிவிட்டது. கழுவிய கையோடு நாலு தெரு ஓட்டியிருந்தால் சூட்டிலேயே காய்ந்திருக்கும்.

புழங்கிக் கெட்ட சாமான்களைவிட, மரியாதை செய்தே கெட்டவை நம் வீடுகளில் அதிகம் என்று நினைக்கிறேன். பீரோவில் மடிப்பு மடிப்பாய்க் கிழியும் கல்யாணப் பட்டுப்புடவையைக் கேட்டுப் பாருங்கள்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தால், கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார். வசந்தி யோசித்தார். "எங்கூர்ல லாரிக்கு ஒண்ணு பண்ணுவாங்க. பாத்தர்லாமுங்." சந்தைக் காலி செய்யச் சொன்னார். சந்தின் காவலாளி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைக் குறுக்கே போட்டு, ஸ்கூட்டர்களை நிறுத்தினார்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, கியர் போட்டு, மறுபடி ஸ்டார்ட். கார் நகர்ந்தது. கிளட்ச்சை முழுக்க மிதித்தபடியே ஆக்ஸிலேட்டரை அழுத்துவதும் சட்டென்று விடுவதுமாகப் போனார். கார் சாமி வந்ததுபோல் ஆடியது. சந்து முனைவரை ஒன்றும் நடக்கவில்லை. தள்ளிக்கொண்டு வந்து மீண்டும் ஆரம்பித்தோம். பாதி வழியில் 'டங்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் மட்டும் அலற, கார் அமைதியாக உருண்டு நின்றது.

"சோய் ஓய்!" என்று காவலாளி கடவுளைக் கூப்பிட்டார். வசந்தி கியரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எல்லாம் விழுந்தன; ஒட்டிய பிளேட் பிரிந்துவிட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொன்னது பலிக்காவிட்டாலும்.

வேடிக்கை பார்க்க, செந்திலோடு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். விமான நிலையத்தில் அப்பா, நம்மூர் வழக்கப்படி முன்பக்கம் இடது கதவைத் திறந்தார். இந்த ஊரில் அங்கேதான் ஸ்டீயரிங். அதன் பின்னால் மகள்.

"வாங்கப்பா" என்றார் வசந்தி.

அப்பா கதவைச் சாத்தினார். சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிள் கூட்டம் குறுக்கே பாயும்போதெல்லாம் அவர் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை அழுத்தியது. வசந்தி ரோட்டைத் தவிர எங்கும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா முதல்முறையாக வாய் திறந்தார். "கிளட்ச்சு மேலயே கால வெச்சுக்கிட்டு வர்ற. இப்பிடி ஓட்டுனா பிளேட்டு என்னத்துக்கு ஆகும்?"

செந்திலுக்கு முகம் சுருங்கிவிட்டது. வசந்திக்கோ வாயெல்லாம் பல். "எங்கப்பா டிரைவருங்களத்தானுங்ணா இப்பிடித் திட்டுவாரு!"