சட்னிக்கு இல்லாத நாள்

குடியிலிருந்து மீண்டவர்களைப் பற்றி ஒரு பத்திரிகைக்காகத் திண்டிவனம் பஸ்ஸில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கடலை உடைத்தார். எங்கள் முகையூரில் அது மல்லாட்டை. அந்தச் சத்தத்தில் பேனா நின்றுவிட்டது.

எண்பதுகளில் அப்பா சாராயத்தை விட்ட புதிது. விதைக்காக வீட்டில் மல்லாட்டை உடைப்போம். அவர் கை நடுங்கி, பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்தது முளைக்காது. அம்மா அதைப் பொறுக்கி வறுத்து, கேப்பைக் கூழுக்குச் சட்னி அரைப்பாள். தினமும் சட்னிதான்.

ஒருநாள் காலை அப்பாவின் முறத்தில் எல்லாமே முழுப்பருப்பு. அம்மா இரண்டு முறை துழாவிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, சட்னிக்கு ஒண்ணுகூட இல்லியே!"

"வெங்காயம் கடிச்சிக்கினு குடிக்கலாம் வா" என்றார் அப்பா, தலைநிமிராமல்.

எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, அந்தக் கூழிலிருந்து தொடங்கினேன்.