வெறும் தொக்தேர் போதும்

ப்ளஸ் டூவில் நான் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக. தமிழில் கஞ்சத்தனமாகப் போடுவார்கள், பிரெஞ்சில் அள்ளிக் கொடுப்பார்கள் என்று எங்கள் ஸ்கூலில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்தோம். கேள்வி, பதில் எல்லாம் மனப்பாடம். நல்ல மார்க்கும் வந்தது. அந்த மொழியில் ஒரு மனுஷரிடமும் நான் பேசியது கிடையாது.

பிரான்சுக்கு வேலைக்குப் போன என் தம்பி போன மாதம் ஆபீஸிலேயே சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. விசாவுக்குக் கொடுத்துவிட்டு நானும் அம்மாவும் காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தம்பியோடு வேலை பார்க்கும் நண்பர்தான் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தார். மறுநாள் அவர் கூப்பிட்டார்.

"அக்கா, டாக்டரம்மா உங்ககிட்ட நேரா பேசணுமாம். இப்ப கூப்பிடுவாங்க. நான் மத்தியானம்தான் அங்க போக முடியும். எடுத்ததும் போன்ஜூர் சொல்லிடுங்க, சொல்லாம ஆரம்பிச்சா மூஞ்சி மாறிடும். பேரு, மேடம் எதுவும் வேணாம். வெறும் தொக்தேர் போதும். இங்கிலீஷ் கொஞ்சம் வரும் அவங்களுக்கு, கேட்டா பேசுவாங்க."

வேண்டிக்கொண்டு திருவேற்காட்டு அம்மன் கோவிலுக்குக் கிளம்பிய அம்மா, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பணிவாப் பேசு. நடுவுல குறுக்கப் பேசாத. நம்ம புள்ள அவங்க கையில இருக்கான்."

டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மருந்துக்கடைக்காரரிடம் என்ன ஏது என்று விசாரிக்கிற குடும்பம் எங்களுடையது. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான். பிழைத்துவிடுவானா? அதைப் பிரெஞ்சில் எப்படிக் கேட்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

போன் அடித்தது. "போன்ஜூர், தொக்தேர்" என்றேன். உங்கள் நேரத்தைக் கொடுத்ததற்கு நன்றி என்று ஒரு முழு வாக்கியமும் பிசகில்லாமல் வந்து விழுந்தது. எங்கேதான் ஒளிந்திருந்ததோ. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தம்பியின் பெயர் காதில் விழுந்தது, ஆப்பரேஷன் என்று விழுந்தது. இங்கிலீஷில் சொல்லுங்கள் என்பது தொண்டை வரை வந்தது. அவர் மூச்சு விடட்டும், அப்புறம் கேட்கலாம் என்று நின்றேன். நின்ற நேரத்தில் "உய், தொக்தேர், உய், தொக்தேர்" என்று ஆமாம் போட்டுத் தலையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் ஏதோ கேட்டார். பதில் வராததால் இன்னொரு தடவை, மெதுவாக, கனிவாகக் கேட்டார். பயத்தில் அதற்கும் "உய், தொக்தேர்" என்றேன்.

பேச்சு நின்றது. ஏதோ மெஷின் விட்டு விட்டுக் கத்தியது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. நான் பேசுவதற்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கோ அழுகை முட்டியது. என்னிடம் மிச்சம் இருந்தது நன்றி மட்டும்தான். "மெர்சி, தொக்தேர்" என்றேன். "மெர்சி பொக்கூ, தொக்தேர்." கொஞ்ச நேரத்தில் லைன் கட்டானது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நண்பர் கூப்பிட்டார். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க அக்கா. அதுக்கு முன்னாடி நீங்க அவன்கிட்ட பேசினீங்களாமே. நினைவில்லாட்டியும் காது கேக்கலாம், ஏதாவது சொல்றீங்களான்னு டாக்டர் கேட்டாங்களாம். நீங்க சரின்னதும் போனை அவன் காதுல வச்சாங்களாம்."

பிறந்த நாளிலிருந்து டேய் என்றல்லாமல் வேறு எப்படியும் நான் கூப்பிடாத தம்பி அவன்.

ஆப்பரேஷன் முடிந்துவிட்டது. அவன் இன்னும் கண் திறக்கவில்லை. எனக்கு விசாவும் வரவில்லை. அம்மா தினமும் விளக்கேற்றிவிட்டு வந்து அதையே கேட்கிறாள்.

"தம்பிகிட்ட என்னடி சொன்ன?"

"சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுடான்னு சொன்னேம்மா."

"அவனுக்குக் கேட்டிருக்கும் இல்ல?"

"கேட்டிருக்கும்மா."